பென்சில் குறி போட்ட முதலை முட்டைகள்

இந்த வாரம் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, ரப்பர் பால்வெட்டு இல்லை. வீட்டில் சும்மா கிடந்து பழம்பொரி தின்கிற சுகத்தை விட்டுவிட்டு எவன் பேனா பிடிப்பான்? போதாததற்கு, போன தடவை என் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் நடந்த அடிதடியை எழுதியதற்கு சித்தி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் பதுங்கிக் கிடக்கலாம் என்று பார்த்தேன்.

நேற்று வாச்சர் மணியண்ணன் போன் போட்டார். காட்டிலாகாவில் தினக்கூலிக்கு அணையைச் சுற்றி வருகிறவர். "லேய் அஜினே, வெளியூர்லேருந்து ஒரு ஆண் சீங்கண்ணிய கொண்டாந்து நம்ம அணையில விடப்போறாங்களாம். கேட்டியா?" என்றார். சீங்கண்ணி என்றால் முதலை. எங்கள் மேற்குப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு பழம்பொரி இறங்கவில்லை. செல்வினின் கோழிக்கொட்டகை கண்முன்னே வந்து நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம். நனைந்த உமி வாசம், வாத்துப் பீ வாசம், ஒரு மஞ்சள் பல்பு. என் கூட்டுக்காரன் செல்வின், பழைய பிரிட்ஜுப் பெட்டிக்குள் பல்பு மாட்டித் தானே செய்த குஞ்சு பொரிக்கிற பெட்டியின் கதவைத் திறந்தான். பேறுகால வார்டில் பிள்ளையைக் காட்டுகிற நர்ஸ் போல அவ்வளவு பெருமை முகத்தில். உள்ளே, ஈர மணலில் பாதி புதைந்தபடி வெள்ளை வெள்ளையாக முதலை முட்டைகள். வெள்ளத்தில் போகவிருந்தபோது நாங்கள் அள்ளிக்கொண்டு வந்து காப்பாற்றியவை.

ரேவதி மேடம் குனிந்து பார்த்தார். முதலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், மதுரைப் பக்கம். அவருடைய பூட்சில் வழியெல்லாம் ஒட்டிய சேறு காயவில்லை. ஒரு முட்டையைத் தொடப்போன விரல் அப்படியே நின்றது.

"தம்பி, இது என்ன குறி?"

"அது நம்ம அடையாளம் மேடம்," என்றான் செல்வின். "ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலைல பெருக்கல் மேல வரும், சாயங்காலம் வட்டம் மேல வரும். திருப்பும்போ ஒண்ணும் விட்டுப்போவப்பிடாதுல்லா."

மேடம் விரலை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து?"

"கொண்டாந்த அன்னையிலேருந்து."

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நானும்தான். அவ்வளவு தூரம் நடந்துவந்த களைப்பில் உட்காருகிறார் என்று நினைத்தேன். "மேடத்துக்கு ஒரு சாயா எடுடேய்" என்றுகூடச் சொன்னேன்.

டீச்சரும் கான்ட்ராக்டரும்

எந்த அணை என்று கேட்காதீர்கள். சொல்லக்கூடாது என்று மேடத்தின் உத்தரவு. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அப்படியே முதலையோடு செல்பி எடுக்க வேன் கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மேடம் முதன்முதலில் வந்தபோது வள்ளம் துழைய, அதாவது படகு வலிக்க, ஆள் தேடினார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால் எனக்கு நிறைய நேரம் இருந்தது. அதிகாலையில் ரப்பர் வெட்டு, வெயில் ஏறினால் வள்ளம். மணியண்ணன் முன்னால், மேடம் நடுவில், நான் பின்னால்.

அணையில் இருந்த முதலைகளுக்கு மேடம் நம்பர் வைத்திருந்தார். எனக்கும் நம்பருக்கும் எட்டாம் வகுப்பிலேயே தகராறு. அதனால் நான் பேர் வைத்தேன்.

பெரிய பெட்டை ஒன்று, மேலத்தாடை ஓரம் உடைந்தது, மத்தியானம் பாறையில் ஏறி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஒரு பார்வை பார்த்தால் வள்ளத்தில் மூச்சுவிடச் சத்தம் இருக்காது. அச்சு அசல் எங்கள் கணக்கு டீச்சர். ஆகவே டீச்சர்.

ஆண் ஒன்று, மாதத்தில் ஒருமுறை எங்கேயிருந்தோ தலை நீட்டும், ஒரு சுற்று பார்வையிடும், காணாமல் போய்விடும். அது கான்ட்ராக்டர்.

"தம்பி, ரிப்போர்ட்ல நான் கான்ட்ராக்டர்னு எழுத முடியாது," என்பார் மேடம்.

"எழுதுங்க மேடம். உடனே பில்லு பாஸாவும்."

சிரிப்பார். ஆனால் அடுத்த மாதமே அவரே, "மணியண்ணே, அங்க தெரியுறது கான்ட்ராக்டர் தானே?" என்று கேட்டார். மணியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

வாலில் ஒரு செதில்

மேடத்தின் வேலை இதுதான். முதலையைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, கண்ணில் ஈரச்சாக்கு போட்டால் அது அடங்கிவிடும். வால்மேட்டில் வரிசையாக நிற்கிற செதிலில் ஒன்றை வெட்டி சின்னக் குப்பியில் போடுவார். வெட்டின இடமே அந்த முதலைக்கு அடையாளம். குப்பி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கே அதன் அப்பன் யார், ஆத்தா யார், எந்த ஆற்றுச் சொந்தம் என்று பார்த்துச் சொல்வார்களாம்.

"கல்யாணத் தரகரு வேலை மேடம் உங்களுக்கு," என்றேன்.

"கிட்டத்தட்ட," என்றார்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். மேடம் கரையைக் காட்டினார். "அந்த ரப்பர் மரமெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?"

"நர்சரியிலேருந்து. எல்லாம் ஒட்டுக்கன்னு."

"ஒரே ரகம், ஒரே தாய்மரத்து மொட்டு. சரியா? ஒரு மரத்துக்கு இலை நோய் வந்தா?"

சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் நோய் விழுந்து, தோட்டம் முழுக்க ஒரே மாதத்தில் இலையைக் கொட்டிவிட்டு நின்றது. நான் பால்வெட்டுக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு சும்மா இருந்தேன். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு லாரி வந்ததாம். பண்ணையில் வளர்த்த முதலைக் குட்டிகளைக் கொண்டுவந்து அணையில் விட்டார்களாம். மீன் களவாடுகிறவர்களைப் பிடிக்க சர்க்கார் செய்த ஏற்பாடு என்று ஊரே நம்பியதாம். களவாடுகிறவர்களும் நம்பி, கொஞ்ச காலம் யோக்கியமாக இருந்தார்களாம். எங்கள் ஊரில் முதலையால் விளைந்த நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான் சட்டென்று ஞாபகம் வருகிறது.

அந்தப் பண்ணைக் குட்டிகள் எல்லாம் எங்கெங்கோ பிடித்த ஒருசில முதலைகளின் வாரிசுகள். அண்ணன் தங்கை, சித்தி மகன், பெரியம்மா மகள். நம்மில் மாமன் மகளைக் கட்டுவதற்கே இப்போது டாக்டர் முகம் சுளிக்கிறார். இவர்களுக்குள் முறையும் கிடையாது, டாக்டரும் கிடையாது.

பரிசோதனை முடிவு வந்தது. அணையில் நாங்கள் பிடித்ததில் பெரும்பாலும் அந்த லாரி வம்சம். இரண்டே இரண்டுதான் வேறே. இந்த மலையில் இறங்குகிற ஆற்றுக்கே உரிய பழைய வம்சம், வேறெங்கும் எடுத்த குப்பிகளோடு ஒத்துப்போகாதது.

டீச்சர். கான்ட்ராக்டர்.

அன்று மேடம் எங்களுக்குப் பொரித்த மீனும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கித் தந்தார். இந்த இரண்டும் சேர்ந்து குட்டி போட்டால் அந்த வம்சம் தப்பிக்கும் என்றார். "அப்ப சீக்கிரம் நிச்சயதாம்பூலம் மாத்திருவோம்" என்றேன் நான்.

அந்த மார்கழி கழிந்த கையோடு கான்ட்ராக்டர் யாரோ போட்ட மீன்வலையில் சுற்றி, மூச்சுக்கு மேலே வரமுடியாமல் செத்துப் போனது. மிதந்ததை மணியண்ணன்தான் பார்த்தார். வலை யாருடையது என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. மேடம் அன்று பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஆனால் வெயில் தொடங்கி அணை வற்றியதும், டீச்சர் ஒரு மணல்திட்டில் ஏறிப் பள்ளம் தோண்டி முட்டை இட்டாள். அவள் மற்ற ஆண்களோடும் கூடியிருக்கலாம், ஒரே அடையில் இரண்டு அப்பன்மார் பிள்ளைகளும் இருக்கலாம் என்றார் மேடம். கான்ட்ராக்டர் பிள்ளைகளாக இருந்தால் அதுதான் கடைசி. பொரிக்கிற வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று மணியண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வடக்கே வேறொரு ஆற்றில் வேலை இருந்ததால் கிளம்பிப் போனார்.

வெள்ளம் ஏறிய காலை

கோடை மழை வழக்கமாக ஆடிவிட்டுப் போகும். அந்த வருஷம் போகவில்லை. மலைமேல் விடாமல் கொட்டியது. ஒரு காலையில் மணியண்ணன் என் வீட்டு முற்றத்தில் நனைந்தபடி நின்றார்.

"எடேய், வெள்ளம் ஏறுது. திட்டு பாதி போச்சு. இன்னும் செத்த நேரத்துல டீச்சருக்க முட்டை முங்கிரும்."

"மேடத்துக்கு போன் அடிச்சியளா?"

"அடிச்சேன். காட்டுக்குள்ள இருக்காவ போல. லைனே போவல. ஆபீஸ் ஜீப்பு ஓடைப்பாலத்துக்கு அங்கிட்டு நிக்குது. பாலத்துக்கு மேல வெள்ளம்."

தண்ணீருக்குள் போனால் முட்டைக்குள் இருக்கிறது மூச்சுமுட்டிச் சாகும். அது எங்களுக்குத் தெரியும். எடுத்தால் எங்கே வைப்பது? இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செல்வின் ஞாபகம்தான் வந்தது.

செல்வின் கோழி, தாராவு இரண்டுக்கும் குஞ்சு பொரித்து விற்பவன். தாராவு என்றால் வாத்து. சுற்றுவட்டத்தில் அவன் பெட்டியில் வைத்த முட்டை வீண்போகாது என்று பேர். நான் அவனை 'அப்பன் இல்லாப் பிள்ளையளுக்கு ஆத்தா' என்று கூப்பிடுவேன். அவனும் பதிலுக்கு என்னை அச்சில் ஏற்றமுடியாத ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுவான்.

விஷயத்தைச் சொன்னதும், ஓலைக் கடவத்தில் வைக்கோல் திணித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். "லேய், சீங்கண்ணி கடிச்சா எனக்க பெஞ்சாதிக்கு நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்டுக்கொண்டேதான் வள்ளத்தில் ஏறினான்.

டீச்சர் திட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் கிடந்தாள். கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. மணியண்ணன் துழைப்பால் தண்ணீரை அடித்தார். அவள் வாயைத் திறந்து ஒரு சீறல் சீறினாள். பிரஷர் குக்கர் நெஞ்சுக்குப் பக்கத்தில் விசிலடித்தது போல இருந்தது. ஆனால் பாயவில்லை. ஏன் பாயவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செல்வின் மணலைக் கையாலேயே விலக்கினான். "பைய எடு. எடுத்த மாதிரியே வை. உருட்டாத, அதிரும்," என்று என்னை அதட்டினான். ஒவ்வொன்றையும் கிடந்தபடியே வைக்கோலில் இறக்கினோம். கூட்டு மணலிலும் ஒரு வாளி அள்ளினான். மேடம் கூட்டுக்குள் குத்தி வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பிடுங்கி, காட்டிய சூட்டைச் சத்தமாக மூன்றுதரம் சொல்லி மனப்பாடம் செய்தான்.

காரணம் உண்டு. முதலைக்கு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டுச் சூடுதான் தீர்மானிக்கும் என்று மேடம் முன்னே ஒருநாள் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு ஒரு வாரம் தூங்காதவன் செல்வின். "நம்ம சூட்ட மாத்தி வச்சு எல்லாம் பொட்டையாட்டு போயிரப்பிடாது மக்கா," என்றான். அவ்வளவு பெரிய சங்கதி எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கொட்டகைக்குக் கொண்டுபோனதும் ஒரு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினான். ஓரத்தில் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது. "உயிரு இருக்குடேய்!" என்று கத்தினான். மணியண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் ஏதோ கிண்டல் சொன்னேன். என்ன என்று மறந்துவிட்டது.

கரண்டு போனபோது அவன் லோடு ஆட்டோவின் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டினான். வாத்து முட்டைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டான். அதில் ஒரு அடை முழுக்கக் கெட்டுப்போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடத்துக்கு நான் அனுப்பிய படங்கள் ஒற்றை டிக்கோடு நின்றன. பல நாள் கழித்து ஒரு காலையில் இரண்டு டிக் ஆனது. உடனே போன். "எடுத்துட்டீங்களா? உயிரோட இருக்கா? நான் இப்பவே கிளம்புறேன்," என்றார். குரல் அழுவது போல இருந்தது, சந்தோஷத்தில். அதோடு லைன் போய்விட்டது.

தவிட்டு மூட்டை

சாயாவை மேடம் தொடவில்லை.

"முட்டை வந்தப்ப வெளிச்சத்துல பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் மேடம். நரம்பு ஓடுச்சு. எல்லாத்துலயும்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து ஒரு முட்டையின் மேல்பக்கம் வெட்டினார். உள்ளே சுருண்டு கிடந்தது. வாலும், வாலின்மேல் வரிவரியாகச் செதில் தொடங்குகிற தடமும்கூட இருந்தது. அசைவு இல்லை. வாசம் மட்டும் வந்தது.

இன்னொன்று. இன்னொன்று. கடைசி முட்டை வரை ஒவ்வொன்றாகத் திறந்தார். செல்வின் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வெளியே தாராவுகள் கத்திக்கொண்டே இருந்தன.

"கோழி முட்டையில குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கக் கூடாதுன்னுதானே திருப்புறீங்க?" என்றார் மேடம், மெதுவாக. "இதுல அது ஒட்டித்தான் வளரணும். இட்டப்ப எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ, கடைசி வரைக்கும் அந்தப் பக்கம்தான் மேல இருக்கணும். திருப்பினா பிஞ்சிடும்."

செல்வின் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேடம், அங்ஙனயே விட்டிருந்தா?"

"தண்ணியில போயிருக்கும். நிச்சயமா."

"சரி. கொண்டாந்து, திருப்பாம வச்சிருந்தா?"

மேடம் கத்தரியைத் துடைத்தார். அவன் விடவில்லை.

"சும்மா வச்சிருந்தா மேடம்? ஒண்ணுமே செய்யாம, பெட்டிய அடச்சுட்டு நான் எனக்க பாட்டுக்குப் போயிருந்தா?"

"நான் சொல்லியிருக்கணும் தம்பி," என்றார் மேடம். "இத்தனை நாள்ல என்னென்னவோ சொன்னேன். முட்டையை யாரும் தொடவே போறதில்லைன்னு நினைச்சேன். அதனால இதை மட்டும் சொல்லல."

செல்வின் பெட்டிக் கதவைச் சாத்தினான். பல்பையும் அணைத்தான். நான் எதையாவது சொல்லி அவனைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, ஆறிப்போன சாயாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

செத்தவற்றில் இருந்து மேடம் துணுக்குத் துணுக்காக வெட்டிக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போனார். சில மாதம் கழித்து முடிவு வந்தது. வேறு அப்பன் இருக்கட்டும், நஷ்டம் கொஞ்சமாவது குறையட்டும் என்று நான் நேர்ச்சைகூட வைத்திருந்தேன். ஒன்றுவிடாமல் எல்லாமே கான்ட்ராக்டர் பிள்ளைகள்.

மணியண்ணன் சொன்ன இன்னொன்றை செல்வினிடம் நாங்கள் இருவரும் சொல்லவே இல்லை. பொரிக்கிற காலம் வந்தபோது தண்ணீர் வடிந்து திட்டு மறுபடி தெரிந்திருக்கிறது. டீச்சர் ஏறி, பழைய இடத்தில் தாடையை மணலோடு மணலாக வைத்துக் கிடந்தாளாம். குட்டிகள் உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் ஆத்தா தோண்டும். அவள் தோண்டவில்லை. கொஞ்ச நாள் கிடந்தாள், பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருஷங்களில் இரண்டுமுறை முட்டை இட்டாள். பொரித்தது. லாரி வம்சத்து அப்பன். "பாதியாவது இருக்கு" என்றார் மேடம். குட்டிகள் அவள் முதுகில் ஏறி வெயில் காய்வதை நான் பார்த்திருக்கிறேன். அழகுதான். பாதி என்று எழுதியா வைத்திருக்கிறது அதுகள் முகத்தில்?

இப்போது கொண்டுவரப் போகிற ஆண் தூரத்து ஆற்றுக்காரன். அவனும் எங்கள் வம்சம் இல்லை. ஆனால் லாரிக் குடும்பத்துக்குள்ளேயே கொடுத்து வாங்குவதற்கு இது மேல், இரத்தம் கொஞ்சம் புதுசாகும் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'வேற வழி இல்லை தம்பி.' சரிதான். அந்தக் கொட்டகையில் பாதி பொரித்திருந்தால்கூட வேறு வழி இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இப்போது அச்சில் போட்டு ஊருக்கே சொல்லிவிட்டேன்.

செல்வின் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டு மஸ்கட் போய்விட்டான். தண்ணீர் லாரி ஓட்டுகிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் சேர்ந்து சுற்றுவோம். தோவாளை வரைக்கும் போவோம், இராஜாக்கமங்கலம் கடற்கரையில் போய் உட்காருவோம். அணைப்பக்கம் மட்டும் வண்டியைத் திருப்ப மாட்டான். நானும் கேட்கமாட்டேன்.

இதை எழுதி முடித்ததும் அவனுக்கு முழுக்க வாசித்து, குரல்பதிவாக அனுப்பினேன். பேரை மாற்றவேண்டுமா, இல்லை மொத்தத்தையும் கிழித்துப் போடவா என்று கேட்டேன். நீலக்குறி வந்தது. பிறகு பதில் வந்தது.

"பேரெல்லாம் மாத்தாண்டாம் மக்கா, ஒரு நேரம்கூட நான் திருப்பாம விட்டதில்லன்னு மட்டும் சேத்து எழுது."